ஆறு, எட்டு, பத்தரை

மாஸ்டரம்மாவின் டிரைவிங் ஸ்கூலில் ஒரே ஒரு கார். வகுப்பு மூன்று: காலை ஆறு மணி, எட்டு மணி, பத்தரை மணி. நாலாவதாக ஒரு நேரம் கேட்டு யாராவது வந்தால் அவள் ஒரே பதில்தான் சொல்வாள்.

"அந்த நேரத்துல எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லீங்க."

வந்தவர்கள் விழிப்பார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தால் இந்த அம்மாள் தன் போக்குவரத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று தோன்றும். அவள் பொறுமையாக விளக்குவாள். ஆறு மணி வகுப்பு ரொட்டி ஆலைக்குப் போய் அவள் வீட்டுக்காரரை ஏற்றி வரும். எட்டு மணி வகுப்பு மகளைப் பள்ளியில் இறக்கும். பத்தரை வகுப்பு, வாரம் மூன்று நாள், மாமனாரைக் கை கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும். பின்சீட்டில் ஆள் இருக்கும். அதனால் மற்ற இடங்களைவிடக் கட்டணம் குறைவு. இஷ்டமிருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் மெயின் ரோட்டில் ஏழு கார் வைத்திருக்கும் பெரிய ஸ்கூல் இருக்கிறது. அவளே அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தவள்தான், நன்றாகவே சொல்லிக் கொடுப்பார்கள்.

பாதிப் பேர் பெரிய ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். அவள் வழியும் காட்டிவிடுவாள்.

ஆரம்பத்தில் அவள் இப்படி இல்லை. சொந்தமாகத் தொடங்கியபோது போர்டில் 'எந்த நேரமும் வகுப்பு உண்டு' என்று எழுதியிருந்தாள். ஊரும் அதை நம்பியது. விடிவதற்கு முன் ஒருவர், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர், இடையில் எட்டுப் பேர். ஊருக்கெல்லாம் கொடுக்க அவளிடம் நேரம் இருந்தது, வீட்டுக்கு மட்டும் இல்லை. ஒரு நாள் கூட்டிப்போக ஆள் வராமல் மகள் பள்ளி வாட்ச்மேனோடு உட்கார்ந்து அவருடைய சாவிக் கொத்தை இரண்டு முறை எண்ணி முடித்துவிட்டாள். மாமனாருக்கு இரண்டு வாரம் பயிற்சி தவறியது. பக்கவாதம் வந்த இடது கையின் விரல்கள் உள்ளுக்குள் மடங்கிக்கொண்டன. "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தீங்கன்னா கை இப்படியே நின்னிருக்கும்" என்றார் டாக்டர். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்கே மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தன் நாளை எழுதினாள். எந்த நேரத்துக்கு யார் எங்கே போக வேண்டும், யார் எப்போது தூங்குவார், தான் எப்போது காலை நீட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு, அதற்குள் வகுப்புகளைச் செருகினாள். பையில் துணியை அடுக்கிவிட்டு மிச்சமிருக்கிற சந்தில் செருப்பைச் செருகுவதில்லையா, அந்த மாதிரி. போர்டில் பழைய வரியை அழித்துவிட்டாள்.

ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு குறையும் இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்காரர் ஒரு தபால்காரர். சைக்கிளிலிருந்து அவரைத் தபால் வேனுக்கு மாற்றியிருந்தார்கள், லைசன்ஸ் வேண்டும். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடிந்து வரும் வீட்டுக்காரர் பின்சீட்டில் ஏறியதும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிடுவார். தபால்காரர் இளகிய மனசுக்காரர். தூங்குகிற மனிதரை எழுப்பிவிடக் கூடாது என்று வேகத்தடைகளில் காரை இலைமேல் எறும்பு போல ஏற்றி இறக்குவார். ஹாரன் பக்கம் கையே போகாது.

எட்டு மணிக்கு ஒரு பல் டாக்டரம்மா. நாள் முழுக்க மற்றவர்களைப் பயமுறுத்துகிற தொழிலில் இருந்தாலும், ஸ்டியரிங்கைத் தொட்டால் அவருக்கே உள்ளங்கை வேர்க்கும். ஒன்பது வயது மகள், வீட்டில் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர், பின்னாலிருந்து தைரியம் சொல்லுவாள். "வாயைத் திறந்து மூச்சு விடுங்க டாக்டர். ரெண்டே நிமிஷம், முடிஞ்சுடும்."

பத்தரைக்கு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் கடை திறப்பது மதியம். மாமனார் முப்பத்தெட்டு வருஷம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். காரில் ஏறியதும், "கதவு மூடிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாய்வார். "முப்பத்தெட்டு வருஷம் மேலயும் கீழயும்தான் போயிருக்கேன். முன்னாடி போறது இப்பத்தான் பழகுது" என்பார். கடைக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து தோளைக் கொடுப்பார். சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, அவருக்குத் தானாகவே வந்தது.

மூன்று பேருக்கும் டெஸ்ட் ஒரே செவ்வாய்க்கிழமை வந்தது.

இன்ஸ்பெக்டர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு ஆபீசுக்கு வருகிறவர். வீட்டிலும் அதை யாரும் பார்த்ததில்லை என்று கேள்வி. டெஸ்ட் முடிந்ததும் மாஸ்டரம்மாவை உள்ளே கூப்பிட்டு, தாளைப் பார்த்து வாசித்தார்.

"முதல் ஆள். ஹாரன் ஒரு தடவைகூட அடிக்கலை. குறுக்க ஒரு லாரி வந்துச்சு. அடிங்கன்னேன். என் காதுகிட்ட வந்து, 'முழிச்சுக்குவார் சார்'னார். நான் திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்லை."

இன்ஸ்பெக்டர் அடுத்த வரிக்கு வந்தார்.

"ரெண்டாவது ஆள். நேரா போகச் சொன்னேன். அவங்க இடது பக்கம் திரும்பி ஒரு ஸ்கூல் கேட்ல நிறுத்தினாங்க. என்னைப் பாத்து, தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"ஆபீஸ்ல இருக்குன்னேன்." தாளைத் திருப்பினார். "மூணாவது ஆள். ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்லலை, அவரா நிறுத்தினார். சுத்தி வந்து என் கதவைத் திறந்து தோளைக் கொடுத்தார்."

"பிடிச்சுக்கிட்டீங்களா?"

"பிடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு."

பேனாவை மூடினார். "ஏம்மா, இவங்க காரை ஓட்டலை. உங்க வீட்டை ஓட்டறாங்க. ஸ்கூல் நடத்தற அனுமதி உங்களுக்கு அடுத்த மாசத்தோட முடியுது. நாலு வாரம் கழிச்சு மூணு பேருக்கும் மறுபடி டெஸ்ட். ரெண்டு பேராவது தேறணும். இல்லைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அநியாயம் என்றால் சண்டை போடலாம். அனுமதி போனால் பழையபடி பெரிய ஸ்கூலில் ஏழாவது காரில் போய் உட்கார வேண்டும். அங்கே நேரத்தை முதலாளி எழுதுவார். மாமனாரின் விரல்கள் மறுபடி மடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிற நாள். டீயை ஊற்றி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பின்சீட்டில் ஆள் இல்லாமல், தெரியாத தெருக்களில் அவர்கள் ஓட்டிப் பழக வேண்டும். அதற்கு ஒரு நேரம் வேண்டும்.

"நான் நடந்து போறேன்" என்றாள் கட்டெறும்பு. சாயங்காலம் அவள் அடுத்த வீட்டு டீச்சரோடு வந்துவிடுவாள். காலையில் அந்த டீச்சர் ஏழு மணிக்கே போய்விடுவார்.

"நடுவுல ரெண்டு பெரிய ரோடு இருக்கு."

"பெரிய ரோடுன்னா பெரிசாப் பாத்துக் கடப்பேன்."

"நீ கடந்ததைக் கேள்விப்படற வரைக்கும் நான் பிரேக்ல கால் வெச்சுக்கிட்டு நிக்கணும். வேண்டாம்."

மாமனார் தொண்டையைச் செருமினார். "எனக்கு இனிமே ஆஸ்பத்திரி வேண்டாம்மா. கை வந்தது போதும். பாரு, கப் பிடிக்கிறேன்." இடது கையால் கப்பைத் தூக்கினார். பாதி தூரம் வந்தது. அப்புறம் டீ ஆடத் தொடங்கியது. அவர் மெல்லக் கீழே வைத்தார். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"அப்ப நான் பஸ்ல வர்றேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்களா? கார்ல அரை மணி நேரத்துக்கே தூங்கிடறீங்க. பஸ்ல ஏறினா கடைசி ஸ்டாப்ல கண்டக்டர் அள்ளி எடுத்து இறக்கணும்."

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கார்ல தூங்கறதில்லையே."

"ஒன்றரை வருஷமாக் கண்ணை மூடிக்கிட்டு வர்றீங்க."

"கண்ணைத் திறந்தா தபால்காரர் பேச ஆரம்பிச்சுடுவார். மூடியிருந்தா நீ பேசறதைக் கேட்டுக்கிட்டு வரலாம். கிளட்சை மெல்ல விடுங்க, கண்ணாடியைப் பாருங்கன்னு. நான் சாயங்காலம் எந்திரிச்சா வீட்டுல எல்லாரும் பேசறீங்க, அடுத்த ஒரு மணி நேரத்துல நான் கிளம்பணும். நீ மட்டும் பேசறது காலைல அந்த அரை மணி நேரம்தான்."

கட்டெறும்பு வாயைத் திறந்தாள். மாமனார் அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அடைத்தார்.

மாஸ்டரம்மா எழுந்து போய், கழுவிய கப்பையே இன்னொரு தடவை கழுவினாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள். "பஸ் வேண்டாம்."

ஆக, மூன்று பேரும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள், அவள் மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நேரம் மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குத் தபால்காரரிடம் உண்மையைச் சொல்லி, இனி ஹாரன் அடிக்கலாம் என்றாள். அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். முகம் வாடிப்போயிற்று.

"அப்ப இத்தனை மாசம் வேகத்தடையில நான் பட்ட பாடு?"

பின்சீட்டிலிருந்து வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "ரொம்ப சுகமா இருந்துச்சுங்க."

தபால்காரர் அதைச் சற்று நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, சமாதானமாகிக் காரை எடுத்தார். ஆலை மதிலைத் தாண்டியதும் ஒரு சின்ன ஹாரன் அடித்துப் பார்த்தார். அடித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

அன்றைக்குப் பத்தரை மணி வகுப்பு வழக்கம்போல ஆஸ்பத்திரியில் போய் நின்றது. மாமனாருக்குப் பயிற்சி நாற்பது நிமிஷம். அவள் எப்போதும் உள்ளே போய்ப் பக்கத்தில் நிற்பாள். அன்றும் நின்றாள். பயிற்சி கொடுக்கிற நர்ஸ் கையைப் பிடித்துத் தூக்க, தோள் உயரம் வந்ததுமே மாமனார், "வலிக்குது" என்றார்.

நர்ஸ் அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். "போன மாசமே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க நின்னா அவருக்குத் தோள் வரைக்கும்தான் கை வருது. ஒரு நாள் நீங்க போன் பேச வெளிய போனீங்க பாருங்க, அன்னைக்குக் காது வரைக்கும் தூக்கினார்."

மாஸ்டரம்மா திரும்பி வந்து கேட்டாள். "மாமா, நான் நிக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

மாமனார் கூரையைப் பார்த்தார். "பிடிக்காம என்னம்மா. நீ நின்னா, இவளுக்கு என்னென்ன வேலை கிடக்கோன்னு நினைச்சுக்கறேன். சீக்கிரம் வலிச்சா சீக்கிரம் விட்டுடுவாங்க இல்ல."

அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே, சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனைப் படத்தில் என்ன தப்பு என்று கண்ணாடிக் கடைக்காரர் யாரோ ஒரு நோயாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வாசலில் கார் சும்மா நின்றது. பின்சீட் காலி. ஆஸ்பத்திரியைச் சுற்றி ஊரிலேயே நெரிசலான நாலு தெரு. வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது நாற்பது நிமிஷம். இத்தனை நாளாக அவள் அந்த நேரத்தை நின்றே தீர்த்திருக்கிறாள். அதனால் யாருக்கும் கை உயரவில்லை.

அப்புறம் பேச்சுவார்த்தை. திங்கட்கிழமை தபால்காரர், ஆஸ்பத்திரிக்குத் தபால் கொடுக்க எப்படியும் அந்த நேரத்துக்கு அங்கே வருகிறவர்தான், மேலதிகாரியிடம் கேட்டு நாற்பது நிமிஷம் வாங்கிக்கொண்டார். புதன் கண்ணாடிக் கடைக்காரர். வெள்ளி டாக்டரம்மா, இரண்டு பேரின் பல்லைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார். "அவங்களுக்குச் சந்தோஷம்தான். யாரும் ஏன்னு கேக்கலை" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் டாக்டர், எடுங்க."

"பின்னாடி யாருமே இல்லையே. யாருக்காக ஓட்டறது?"

"உங்களுக்காகத்தான்."

"எனக்கு இப்ப எங்கயும் போக வேண்டியதில்லையே மாஸ்டரம்மா."

"போக வேண்டியதில்லாத இடத்துக்குப் போறதுக்குப் பேர்தான் டெஸ்ட். எடுங்க."

கார் நகர்ந்தது. முதல் வாரம் அவர் எந்தத் திருப்பத்தைக் கண்டாலும் பள்ளிக்கூடம் இருக்கும் திசைக்கே சாய்ந்தார். இரண்டாவது வாரம் சந்தைத் தெருவுக்குள் போய், வெளியே வர வழி தெரியாமல், ஒரு கைவண்டிக்காரர் சொல்லி வெளியே வந்தார். மூன்றாவது வாரம் தானாகவே, "இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாப்போமா?" என்று கேட்டார். மாஸ்டரம்மாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. அந்தப் பக்கம் ரயில்வே கேட் இருந்தது. மூடியும் இருந்தது. கூட்ஸ் வண்டிக்கு நாற்பத்தெட்டுப் பெட்டி.

இருபது நிமிஷம் தாமதம். உள்ளே மனிதர் என்ன ஆனாரோ என்று அவள் ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். மாமனார் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர், தன் முறை இல்லாத நாட்களில் அவருக்குத் துணை. இரண்டு பேரும் அவளைப் பார்த்த பார்வையில், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய் என்பதுபோல இருந்தது.

"லேட்டாயிடுச்சு மாமா."

"ஆச்சா?" என்றார் மாமனார். "அதுக்குள்ளயா?"

நாலு வாரம் முடிந்தது. டெஸ்ட் இந்த முறை ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. அவள் வெளியே காத்திருந்தாள். நகத்தைக் கடிக்கவில்லை, அவள் கடிக்கிறவள் இல்லை. காரின் கதவுப் பிடியில் இருந்த அழுக்கைத் துடைத்தாள், நாலு கதவுக்கும் ஒவ்வொன்றாக.

தபால்காரர் தேறினார். ஹாரன் கொஞ்சம் அதிகம் என்று மட்டும் குறிப்பு. டாக்டரம்மா சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நிறுத்தித் தேறினார். கண்ணாடிக் கடைக்காரர் மேட்டில் கிளட்சை விட்டு, கார் பின்னால் உருண்டு, என்ஜின் இரண்டு முறை நின்று, தோற்றார்.

இன்ஸ்பெக்டர் இந்தத் தோல்வியைப் படித்தபோது அவர் முகத்தில் ஏறக்குறைய நிம்மதி தெரிந்தது. "இது ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு. இப்படித்தான் தோக்கணும்."

அனுமதிப் பத்திரத்தை எடுத்து முன்னால் விரித்தார். பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும். என் வீட்டுக்காரி கார் கத்துக்கணும்கறா. அவ வேலை முடிஞ்சு வர சாயங்காலம் ஆறு மணி. ஆறுலேருந்து ஏழு. உங்களால முடியுமா?"

கேட்டதில் மிரட்டல் இல்லை. மனிதர் நிஜமாகவே கேட்டார். ஆனால் பேனா திறந்திருந்தது. 'அதுக்கென்ன சார்' என்கிற வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மணி நேரம். அப்படித்தான் அன்றைக்கும் தொடங்கியது, ஒரே ஒரு ஆளில்.

"ஆறு மணி முடியாது சார்."

"வேற வகுப்பா?"

"இல்லை."

"எங்கயாவது போகணுமா?"

"எங்கயும் போறதில்லை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார். பொண்ணு பாடம் எழுதும். மாமா ரேடியோ கேப்பார். நான் காலை நீட்டி உக்காந்திருப்பேன்."

"உக்காந்து?"

"சும்மா சார்."

"தினமும்?"

"தினமும்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தன் மேஜையைப் பார்த்தார். அதில் இருந்த காகிதங்களின் உயரத்தைப் பார்த்தார். அந்த மேஜையில் அப்படிப்பட்ட ஒரு பதில் அதற்கு முன் வந்ததில்லை போலிருக்கிறது. எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

"எட்டு மணி காலியாகுது சார். பின்சீட்ல பொண்ணு இருக்கும். உங்க வீட்ல கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

"கேக்கறேன்" என்றார் அவர். கையெழுத்துப் போட்டார். "மூணு வருஷம்."

வெளியே டாக்டரம்மாவும் தபால்காரரும் காரை யார் முதலில் ஓட்டிப் போவது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து முடித்து, இரண்டு பேரும் நடந்தே போயிருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் காரில் சாய்ந்து நின்றார்.

"போட்டுட்டாரா?"

"மூணு வருஷத்துக்கு. உங்களுக்குத்தான் மறுபடி ஒரு மாசம்."

"பரவாயில்லை" என்றார் அவர். அவர் முகத்தில் துக்கத்தைத் தேடினாலும் கிடைக்காது. "பெரியவர் ஒரு கதையைப் பாதியில நிறுத்தி வெச்சிருக்கார். பதினோராவது மாடியில ஒரு கல்யாணம், மாப்பிள்ளை லிஃப்ட்ல ஏறியிருக்கான், கதவு திறந்தா உள்ள ஆளைக் காணோமாம். ரெண்டு வாரமாக் கேக்கறேன், அப்புறம் சொல்றேங்கறார்."

மாஸ்டரம்மா சாவியை அவரிடம் நீட்டினாள். அந்த மேட்டில் போன வாரம்கூட இவர் மூன்று முறை அழகாக ஏறியிருந்தார். அதைக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. மணி பத்து இருபது.

"ஏறுங்க. மாமா செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருப்பார்."